நாலு மில்லிமீட்டர்

மனித குலத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அந்த அறிவிப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறிவித்தவர் பல் துலக்குவதற்கு முன்பே வெளியானது.

"இந்த நிமிஷத்துலேர்ந்து," என்றார் பிரேம்காரர், சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இந்த வீட்டுல அங்குலம், அடி, ஜாண், முழம், கைப்பிடி, சிட்டிகை எல்லாம் ஒழிக்கப்படுது. இனிமே மீட்டர், லிட்டர், கிராம். நாலாவதா ஒரு அளவு என் காதுல விழக்கூடாது."

அவர் மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"காபிக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"

"எட்டு கிராம்."

"அது எத்தனை ஸ்பூன்?"

"ஸ்பூனும் ஒழிஞ்சுது."

"சரி, கையால அள்ளிப் போட்டுடறேன். கொஞ்சம் நகருங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? கொஞ்சம்ங்கிறது ஒரு அளவா?"

"அடுப்படியை விட்டு வெளிய போற அளவு."

புரட்சியாளர்கள் எல்லோருக்கும் முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்துதான் வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவர் வெளியே போனார்.

பிரேம்காரர் என்றால் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டித் தரும் கடைக்காரர். அங்குலத்திலேயே பிறந்து அங்குலத்திலேயே வளர்ந்தவர். எதிரே வருகிற ஆளைப் பார்த்தாலே 'பன்னிரண்டுக்குப் பதினெட்டு' என்று மனசுக்குள் சட்டம் போட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரே இரவில் கட்சி மாறியதற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல. சகலை.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், இயந்திர உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தர ஆய்வாளர். கல்யாணமாகி மாமனார் வீட்டுக்குள் முதன்முதலாகக் காலை வைத்தபோது, கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். அது பிரேம்காரர் தன் கையால் சட்டம் போட்டு, தன் கையால் ஆணி அடித்து மாட்டிக்கொடுத்தது.

"இடது பக்கம் மூணு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு, மாமா," என்று சொல்லி ஒற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். படம் நேரானது.

"அடேயப்பா! என்ன கண்ணு!" என்றார் மாமனார்.

அந்த 'அடேயப்பா' பிரேம்காரரின் வயிற்றில் போய் உட்கார்ந்தது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அவருக்கு அந்த வீட்டில் கிடைத்ததெல்லாம் 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்பிட்டாச்சா' மட்டும்தான். ஒரு 'அடேயப்பா' கிடைத்ததில்லை. சகலை தண்ணீர் கேட்டால்கூட "இருநூறு மில்லி போதும்" என்று கேட்பார். மாமியார் அதைக் கேட்டு முகம் மலர்வார். பிரேம்காரர் தண்ணீர் கேட்டால் சொம்போடு வந்துவிடும்.

இப்போது விவகாரம் அலமாரியில் வந்து நின்றது. மாமனார் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார். அவருடைய தேக்கு அலமாரி அங்கே நுழையாது. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் எதையும் சொல்வதில்லை, தீர்ப்பளிப்பதுதான் வழக்கம். குடும்ப வாட்ஸப் குழுவில் தீர்ப்பு வந்தது: "அலமாரி எந்த மகள் வீட்டில் அளவாகப் பொருந்துகிறதோ, அவளுக்கே உரியது."

அடுத்த நிமிடமே சகலை அலமாரியின் அளவைப் போட்டார். உயரம் 2134. அகலம் 1524. ஆழம் 610. எல்லாம் மில்லிமீட்டரில்.

"ரெண்டாயிரத்து நூத்தி முப்பத்தி நாலா?" என்று பிரேம்காரர் அலறினார். "அது அலமாரியா, குன்றா?"

"ஏழு அடி உயரம், அஞ்சு அடி அகலம்ங்க. நான் அதைப் பாத்துத்தானே வளந்தேன்," என்றாள் மனைவி. "எனக்கு அது வேண்டாம். சின்ன வயசுல அதோட கதவு என் விரலை ரெண்டு தடவை நசுக்கிச்சு. உள்ள எதை வெச்சாலும் மூணு மாசத்துக்கு மக்கின வாசனை போகாது."

"அப்போ உங்கப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிடேன்."

"வேண்டாம்னா ஆயுசுக்கும் பேச மாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா அவரை?"

படுக்கையறையில் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே ஓர் ஒதுக்கு இருந்தது. பிரேம்காரர் டேப்பை எடுத்து அதை அளந்தார். நாலு அடி பதினோரு அங்குலம்.

"ஒரு அங்குலம் பத்தல," என்றார்.

"நல்லதாப் போச்சு. பத்தலைன்னு சொல்லிடுங்க."

"ஒரு அங்குலத்துக்காக நான் அவன்கிட்ட தோக்கணுமா?"

அலமாரி அவருக்கும் வேண்டாம்தான். ஆனால் அது சகலை வீட்டில் நிற்பதை நினைத்தாலே பொறுக்கவில்லை. மாமனார் அங்கே போவார், அலமாரியைத் தடவுவார், 'அடேயப்பா' என்பார். அதற்கு இதை ஏழு தலைமுறைக்கு முதுகில் சுமக்கலாம்.

அங்குலத்தில் அளவு போட்டால் சகலை சிரிப்பான். டேப்பின் மறுபக்கத்தைத் திருப்பினார். கடையில் அந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டதேயில்லை. 149.9 என்று இருந்தது. "எங்கள் இடம் 149.9 மில்லிமீட்டர்" என்று, குறைகிற அங்குலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில், கம்பீரமாகக் குழுவில் போட்டார்.

சகலையிடமிருந்து பதில் வந்தது: "அண்ணா, அது ஒரு பேனாவோட நீளம். அலமாரியைப் படுக்க வெச்சு, நிக்க வெச்சு, எப்படி வெச்சாலும் பத்தாதே?"

கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்கள் மூன்று. ஒன்று மாமனாருடையது. இன்னொன்று மைத்துனியுடையது. மூன்றாவது யாருடையது என்று உற்றுப் பார்த்தார். அவர் மனைவியுடையது.

"கை பட்டுடுச்சுங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலை வந்ததுதான் அந்தப் பொன்னெழுத்து அறிவிப்பு.

*

ஆட்சி மாற்றத்தின் முதல் பலி கடையில் விழுந்தது. ஓர் அம்மாள் தன் மாமியாரின் படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். காலமாகி மூன்று மாதம் ஆன மாமியார். கண்ணாடியைச் சட்டத்தின் உள்விளிம்பு பிடித்துக்கொள்வதற்காக, படம் தெரிகிற அளவைவிட அரை அங்குலம் கூட்டி வெட்டுவது பிரேம்காரரின் வழக்கம். அந்த 'அரை' அவர் கையோடு ஊறிப்போனது. அங்குலம் ஒழிந்த பிறகும் 'அரை' ஒழியவில்லை. அரை சென்டிமீட்டர் கூட்டி வெட்டினார்.

அம்மாள் படத்தை வாங்கி நிமிர்த்தியதும், கண்ணாடியும் மாமியாரும் சட்டத்திலிருந்து நழுவி மேஜையில் படுத்துக்கொண்டார்கள்.

"உயிரோட இருந்தப்பவும் எங்க அத்தை ஒரு இடத்துல நின்னதில்ல," என்றார் அம்மாள். "ஆனா அது அவங்க குணம். இது உங்க வேலை."

"ரெண்டு நாள்ல வேற போட்டுத் தரேங்க. மெட்ரிக்ல."

"எதுல வேணும்னாலும் போடுங்க. அவங்க கீழ இறங்காம இருக்கணும். அவ்வளவுதான்."

இப்படிச் சிறு சறுக்கல்களுக்கெல்லாம் அஞ்சினால் சகலையை வெல்வது எப்படி? அளவை இப்போது சரியாகக் கற்றுக்கொண்டிருந்தார். ஒதுக்கின் அகலம் 1499. அலமாரி 1524. குறைவது 25 மில்லிமீட்டர். இடது சுவரில் அதைச் செதுக்கிவிட்டால் தீர்ந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு சார் செதுக்கணும்?"

"இருபத்தஞ்சு. கீழேர்ந்து, அலமாரி உயரத்துக்கு, அதோட ஆழத்துக்கு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"ஒரு இன்ச்சு கிட்ட வருமா?"

"இந்த வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. சென்டிமீட்டர் கணக்கெல்லாம் தெரியுமில்ல உங்களுக்கு?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? டைல்ஸே இப்ப சென்டிமீட்டர்லதான் ஒட்டறோம்."

பிரேம்காரருக்கு மகிழ்ச்சி. உயரத்துக்கும் ஆழத்துக்கும் கோடு கிழித்தார். நடுவில் சாக்பீஸால் பெரிதாக '25' என்று எழுதினார். பக்கத்தில் 'மி.மீ.' என்று போட வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தார். சகலை குழுவில் போட்டானா? வெறும் எண்ணைத்தானே போட்டான்? விஷயம் தெரிந்தவன் வெறும் எண்ணைப் போடுவான். தெரியாதவன்தான் பக்கத்தில் எழுதிக் காட்டிக்கொள்வான். வெறும் எண்ணோடு விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

மத்தியானம் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"உடனே கிளம்பி வாங்க."

"என்ன ஆச்சு?"

"கொத்தனார் பாத்ரூமுக்குள்ள இருக்காரு."

"கை கழுவப் போயிருப்பாரு. அதுக்கு எதுக்கு போன்?"

"கதவு வழியா போகலங்க."

பிரேம்காரர் வந்து பார்த்தபோது, இடது சுவரில் தரையிலிருந்து அலமாரி உயரத்துக்கு, அலமாரியின் ஆழத்துக்கு, கோடு பிசகாமல் ஒரு வாசல் திறந்திருந்தது. வாசலுக்கு அப்பால் பக்கெட், சோப்புப் பெட்டி, துவைக்கப் போட்ட துணிகள். அவற்றின் நடுவே உளியோடு கொத்தனார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம்.

"சுவர் தீந்துபோச்சு சார்," என்றார். "மொத்தமே பதினோரு சென்டிமீட்டர்தான் இருந்துச்சு. மீதி பதினாலை எங்கேர்ந்து எடுக்கறது?"

"யோவ்! இருபத்தஞ்சு மில்லிமீட்டர்யா!"

"நீங்கதானே சார் சென்டிமீட்டர் தெரியுமான்னு கேட்டீங்க?"

பிரேம்காரர் தான் எழுதிய '25'-ஐத் தேடினார்; அது சுவரோடு போயிருந்தது. மனைவி குளியலறைக் கதவு வழியாக உள்ளே போய், வாசல் வழியாகப் படுக்கையறைக்கு வந்து, மறுபடி உள்ளே போய், ஒரு சுற்று வந்து காட்டினாள்.

"இப்ப நான் எந்த ரூம்ல இருக்கேன்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"சுவரை மறுபடி எழுப்பிடலாம் சார்," என்றார் கொத்தனார். "ரெண்டு நாள் வேலை."

"எழுப்பினா பழைய அளவுதானே வரும்?"

"பழைய சுவர்னா பழைய அளவுதான் சார்."

அங்கேதான் பிரேம்காரரின் மூளை வேலை செய்தது. பொறாமை பிடித்த மூளை எப்போதும் மற்ற மூளைகளைவிட வேகமாக வேலை செய்யும், தவறான திசையில். சுவர் எதற்கு? அலமாரி வந்து நின்றால், அதன் பக்கவாட்டுப் பலகை இந்த வாசலைக் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். உயரமும் அதே, ஆழமும் அதே. தேக்கில் சுவர் யார் வீட்டில் இருக்கிறது? சகலை வீட்டில் இருக்கிறதா?

"குளிக்கறப்ப அலமாரி மேல தண்ணி படாதா?" என்றாள் மனைவி.

"தேக்குடி. தேக்கு தண்ணிக்கு பயப்படுமா?"

"அலமாரி நமக்குக் கிடைக்கலைன்னா?"

பிரேம்காரர் திறந்திருந்த வாசலைப் பார்த்தார். நேற்றுவரை தோற்றால் மானம் மட்டும்தான் போகும். இன்றைக்குத் தோற்றால் குளியலறையும் போகும்.

வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். காற்றடித்தால் அது விலகியது. அதனால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காகப் பாடிக்கொண்டே குளிப்பது என்று முடிவானது. பிரேம்காரருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அதுவும் பாதி. அந்தப் பாதி பாட்டு முடிவதற்குள் குளித்து முடிக்கப் பழகிக்கொண்டார்.

இடையில் மைத்துனி போன் செய்தாள். அக்காவும் தங்கையும் ஸ்பீக்கரில் பேசுவதைப் போர்வைக்கு இந்தப் பக்கமிருந்து பிரேம்காரர் ஒட்டுக்கேட்டார்.

"அக்கா, நிஜமாவே அத்தானுக்கு அந்த அலமாரி வேணுமா? ஆசையா இருக்காரா?"

"ஆசையாவா? வெறியா இருக்காருடி."

மறுமுனையில், "சரிக்கா, நான் அவர்கிட்ட சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

உளவு பார்க்கிறாள் என்று பிரேம்காரர் பல்லைக் கடித்தார். இதைக் கேட்டுவிட்டு அவன் சும்மா இருப்பானா? இழுத்துப் பிடித்தாவது அலமாரியை வாங்கிவிடுவான். அதுதானே அவன் குணம்?

*

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு நாள். மாமனார் எல்லோரையும் ஒரே போனில் இணைத்தார். பிரேம்காரர் குளித்து, சட்டை மாற்றி, போனை மேஜை மேல் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பெரிய மாப்பிள்ளை, உங்க அளவு?"

"ஆயிரத்து அறுநூத்தி ஒன்பது மில்லிமீட்டர், மாமா!"

"போன வாரம் ஏதோ பேனா அளவு சொன்னீங்களே?"

"வீட்டை விரிவுபடுத்தியிருக்கோம் மாமா."

உள்ளேயிருந்து மனைவி இருமினாள்.

"சின்ன மாப்பிள்ளை?"

ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"ஆயிரத்து ஐந்நூத்தி இருபது, மாமா. நாலு மில்லிமீட்டர் பத்தல."

பிரேம்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நல்லா அளந்தியா?" என்றார் மாமனார்.

"மூணு தடவை அளந்தேன். சூட்டுல சுவர் ஏதாவது விலகிக் கொடுக்குமான்னு உச்சி வெயில்லயும் ஒரு தடவை அளந்து பாத்துட்டேன். நாலு மில்லிமீட்டர் அப்படியேதான் நிக்குது. மனசே ஆறல மாமா."

நாலு மில்லிமீட்டர்தானே, செதுக்கிவிடலாமே என்று மாமனார் சொல்லிவிடுவாரோ? பிரேம்காரர் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"செதுக்கிடலாம்னு பாத்தா வாடகை வீடு," என்றார் சகலை, கேட்காமலே. "வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடறதில்ல."

மாமனாரின் குரல் தழுதழுத்தது. "உனக்குக் கொடுத்து வைக்கலப்பா. அலமாரி பெரியவளுக்கே."

பிரேம்காரர் எழுந்து நின்றார். எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல்! ஒரே நொடியில் அணைந்தது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி, நடுவில் நூலளவு இடைவெளி விட்டு, மனைவியிடம் நீட்டினார்.

"பாரு. இவ்வளவுதான். அவ்வளவு படிச்சவனுக்கு இவ்வளவு இடம் இல்ல!"

அடுத்த சில நாட்கள் அந்த இரண்டு விரல்களும் ஓயவில்லை. பால்காரரிடம் காட்டினார். பக்கத்துக் கடை பூட்டுக்காரரிடம் காட்டினார். படம் வாங்க வந்த அம்மாளிடமும் காட்டினார். அவர் மாமியாரைக் குலுக்கிப் பார்த்துத் திருப்தியானபின், "இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு முள் மட்டும் உறுத்தியது. தான் ஜெயித்தது சுவரை இடித்து. அவன் தோற்றதோ நாலே மில்லிமீட்டரில். தோற்பதிலும் அவனுக்கு என்ன ஒரு நேர்த்தி! 'சூட்டுல சுவர் விலகுமான்னு பாத்தேன்' என்றானே, அது ஏன் தனக்குத் தோன்றவில்லை? மாமனாரின் குரல் தழுதழுத்தது யாருக்காக? ஜெயித்தவனுக்காக இல்லையே?

*

அலமாரி லாரியில் வந்து இறங்கியது. கூடவே ஆறு ஆட்களும், மாமனார் குடும்பத்துக்கு வழக்கமாகச் சாமான் இறக்கும் மேஸ்திரியும்.

வாசல் நிலையில் அது நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். படுக்கையறைக்குத் திரும்புகிற இடத்தில் சிக்கிக்கொண்டது. அங்கேயும் கதவைக் கழற்றினார்கள். அப்புறம் அதைச் சாய்த்தபோது மின்விசிறியின் ஒரு இறக்கை வளைந்தது. சாய்க்கச் சாய்க்க, அலமாரியின் அடியிலிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக்கொண்டே வந்தது.

"உளுத்திருக்கு சார்," என்றார் மேஸ்திரி.

"பழைய தேக்கு அப்படித்தான் இருக்கும். உஷார், மில்லிமீட்டர் கணக்கு! இடிக்காம வைங்க!"

வைத்தார்கள். பக்கவாட்டுப் பலகை குளியலறை வாசலில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. வீடே ஒருமுறை குலுங்கியது. மறுபக்கம் எஞ்சிய சந்தில், கை நுழையாத ஆழத்தில், அறையின் விளக்கு சுவிட்ச் மாட்டிக்கொண்டது. அலமாரியின் கதவு தானாகத் திறந்து, அருகில் நின்ற மனைவியின் முழங்கையில் இடித்தது. அவள் அதைப் பழைய எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அறை முழுக்க மக்கின வாசனை பரவியது.

பிரேம்காரர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாததால், தானே சொல்லிக்கொண்டார்:

"அடேயப்பா!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் திரும்பினார். இரண்டு விரல்களும் தாமாகவே நெருங்கின.

"இது ஏன் இங்க வந்துச்சு தெரியுமா? என் சகலை வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. நாலு மில்லிமீட்டர். இதோ, இவ்வளவு. அங்க இடம் பத்தல!"

"யாரு, தொழிற்சாலைல இருக்காரே, அந்தச் சாரா?" மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டார். "போன மாசம்தான் அவரு வீட்டுல சோபா இறக்கினேன். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சும்மாத்தானே சார் கிடக்கு? இது மாதிரி ரெண்டு நிக்கும்."